கர்ப்பப்பை என்று சொல்லிவிட்டோம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் கர்ப்பப்பைக்கு எந்தக் கேடும் வரவில்லை. அது பாட்டுக்கு இரண்டு பிள்ளைகளைச் சுமந்து இறக்கிவிட்டு அதன் வேலையை முடித்துக்கொண்டது. ஆனால் எங்கள் ஊர்க் கோயில் வாசலில் நின்று இன்றைக்கும் யாரைக் கேட்டாலும், ஸ்டெல்லா டீச்சருக்குக் கர்ப்பப்பை இறங்கி, தூக்கிக் கட்டி, அது சரிப்படாமல் திருவனந்தபுரம் வரை போய்வந்தார்கள் என்றுதான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நோயாளிகளுக்காக ஜெபிக்கும்போது சாமியாரும் மைக்கில் அதையேதான் வாசித்தார். அந்த ஒரு பொய்யால் நான் பட்ட பாட்டை எழுதிவைக்கிறேன். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்கு இருந்த கோளாறு மூத்திரம் ஒழுகுவது. தும்மினால் ஒழுகும், இருமினால் ஒழுகும், குடத்தைத் தூக்கினால் ஒழுகும். நான் கொட்டாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். சாக்பீஸ் தூளுக்கும் எனக்கும் ஆகாது, போர்டை அழித்தால் தும்மல் வரிசையாக வரும். எங்கள் கடற்கரையிலிருந்து கொட்டாரம் போகும் பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். துணி மடித்து வைத்துக்கொள்வேன். கருநீலமும் மெரூனும் தவிர வேறு நிறத்தில் சேலை எடுப்பதையே விட்டுவிட்டேன். ஒருநாள் வகுப்பில் ஒரு பையன் சொன்ன பதிலுக்குப் பிள்ளைகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்க, நானும் சிரித்துத் தொலைத்தேன். அதற்குப் பிறகு மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாம் போகிறவரை நாற்காலியைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை.

நாகர்கோவிலில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். இருமச் சொன்னார், இருமினேன், அவருக்குத் தெரிந்துவிட்டது. மூத்திரக் குழாயைத் தாங்கிப் பிடிக்கும் தசை பிள்ளைப்பேற்றில் தளர்ந்துபோயிருக்கிறது, வயிற்றில் அழுத்தம் வந்தால் குழாய் மூடாமல் நிற்கிறது என்றார். குழாய்க்கு அடியில் வலைபோன்ற ஒரு மெல்லிய நாடாவைத் தொட்டில்போல மாட்டிவிட்டால், அழுத்தம் வரும்போது அது தாங்கிக்கொள்ளுமாம். சின்ன ஆபரேஷன்தான், பெரிய லீவில் செய்துகொண்டால் ஜூனில் பள்ளிக்கூடம் போய்விடலாம் என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இளம் மஞ்சளில் ஒரு சேலை எடுக்கவேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

இங்கேதான் பிலோமி மைனி வருகிறாள். என் வீட்டுக்காரர் சூசையின் அக்கா. தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள், கருவாட்டு வியாபாரி, சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த காலனி வீடுகளில் எங்களுக்கு அடுத்த வீடு. எங்கள் குடும்பத்தில் எதுவும் மைனி வாய் வழியாகத்தான் வெளியே போகும்.

"ஏட்டி ஸ்டெல்லா, என்ன ஆபரேஷன்னு ஆளுவ கேட்டா என்னத்தப் பறயதுக்கு?" என்றாள்.

"மூத்திரம் ஒழுகுது, அதுக்குன்னு சொல்லுங்க."

"சீ, வாய மூடுட்டி. டீச்சரு வேல பாக்குதவளுக்கு மூத்திரம் ஒழுகுதுன்னு ஊரு பூரா கொட்டடிக்கவா? கர்ப்பப்பை எறங்கிட்டு, தூக்கிக் கெட்டுதாவன்னு பறஞ்சா தீந்துச்சு."

எங்கள் பக்கத்தில் பெண்களுக்கு இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் அதற்குக் கர்ப்பப்பை என்றுதான் பெயர். அதைச் சொல்லும்போது நாலு பேர் உச்சுக்கொட்டுவார்கள், மரியாதையும் கிடைக்கும். மூத்திரம் என்றால் சிரிப்பார்கள். எனக்கும் அது தெரியும் என்பதால் நான் மறுத்துப் பேசவில்லை.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து ஆபரேஷன் முடித்தார்கள். மறுநாள் மூத்திர ட்யூபையும் அதில் மாட்டியிருந்த பையையும் எடுத்துவிட்டு, "பாத்ரூம் போயிட்டு வாங்க" என்றாள் நர்ஸ். போனேன். உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. அடிவயிறு கனத்துக் கிடக்கிறது, முட்டுகிறது, ஆனால் வெளியே வழி இல்லை. நர்ஸ் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, "அந்தச் சத்தத்தைக் கேளுங்க, தானா வரும்" என்றாள். ஒரு வாளித் தண்ணீர் வீணாகப் போனதுதான் மிச்சம். கதவுக்கு வெளியே மைனி தட்டிக்கொண்டே இருந்தாள்.

"போச்சா?"

"இல்ல."

"இப்பம்?"

"மைனி, நீங்க பேசாம இருந்தா போகும்."

முக்கி முக்கி, முன்னால் குனிந்து, வயிற்றைக் கையால் அமுக்கி, கடைசியில் கொஞ்சம் சொட்டியது. லேடி டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உள்ளே வீக்கம் இருக்கிறது, போகப் போகச் சரியாகும், சரியாகாவிட்டால் உடனே வாருங்கள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அந்த வாரமே அவர் மகளின் பிரசவத்துக்கு வெளிநாடு போய்விட்டார். போகிறவர் போகட்டும், அவர் மகள் அவருக்கு முக்கியம். ஆனால் அவர் இடத்தில் உட்கார்ந்திருந்தவரோ, "மேடம் வரட்டும், வந்ததும் காட்டுங்க" என்று சொன்னதோடு சரி. மேடம் எப்போது வருவார் என்று அவருக்கும் தெரியவில்லை.

வீட்டில் ஒவ்வொரு தடவையும் ஒரு யுத்தம். உட்கார்ந்தால் வராது, பாதி எழுந்து சுவரில் கையை ஊன்றி ஒரு பக்கமாகச் சாய்ந்தால் நூல்போல வரும், நடுவில் நிற்கும், மறுபடி முக்கவேண்டும். வெளியே வந்து சேலையைச் சரிசெய்வதற்குள் இன்னும் இருக்கிறது என்று தோன்றும். திரும்ப உள்ளே போவேன். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. கர்ப்பப்பை ஆபரேஷனால் மூத்திரம் அடைத்திருக்கிறது என்று மைனி மெல்லச் சொல்லிவைத்தாளோ என்னவோ, ஆளுக்கொரு வைத்தியம் வந்தது. கருக்கு என்று நாங்கள் சொல்லும் இளநீரை வெட்டிக் கொண்டுவந்தார்கள். பார்லித் தண்ணீர், வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம், வெள்ளரிக்காய் எல்லாம் வந்தது. "நல்லா வெள்ளம் குடிச்சா தன்னால போவும்" என்று ஒவ்வொருவரும் பக்கத்தில் உட்கார்ந்து குடிக்கவைத்துவிட்டுத்தான் எழுந்தார்கள். மடை அடைத்துக் கிடக்கும் குளத்துக்கு ஊரே சேர்ந்து தண்ணீர் விட்டது. நானும் படித்தவள்தான், டம்ளர் டம்ளராக வாங்கிக் குடித்தேன்.

அப்புறம் ஒழுக ஆரம்பித்தது. முன்பு தும்மினால்தான் ஒழுகும், இப்போது சும்மா படுத்திருக்கும்போதே பாய் நனைந்தது. எதற்காக ஆபரேஷன் செய்தேனோ அதுவே இரண்டு மடங்காக வந்து நின்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மைனி இப்போது கட்சி மாறினாள். "வெள்ளம் குடிக்காதட்டி, குடிச்சதெல்லாம் ஒழுகுது" என்று டம்ளரைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். அதற்குப் பெயர் நிரம்பி வழிதல் என்பதும், வயிற்றுக்குள் மூத்திரப் பை காலியாகாமல் நிறைந்து நிற்பதால் மேலே வருவது தானாகக் கசிகிறது என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நாங்கள் எல்லோரும் நாடா அறுந்துவிட்டது என்று நினைத்தோம்.

குளிர்காய்ச்சல் வந்தது. பற்கள் கிடுகிடுவென்று அடிக்க, ஆட்டோவில் போட்டுப் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வாசலிலேயே எங்களை வரவேற்றவள் ஷீபா. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு, அங்கே நர்ஸ். நல்ல பெண், கைராசிக்காரி, ஆனால் அவள் காதில் விழுந்தது மாலைக்குள் கடற்கரை முழுக்கப் போய்விடும் என்று ஒரு பேச்சு உண்டு. இளவயது டாக்டர் ஒருவர் வந்து நின்று, "என்ன ஆபரேஷன் பண்ணியிருக்கு?" என்று கேட்டார். ஷீபா தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

மைனி ஷீபாவை ஒரு பார்வை பார்த்தாள். "கர்ப்பப்பை எறங்கிட்டு சார். தூக்கிக் கெட்டுனாவ." நாகர்கோவில் சீட்டை டாக்டர் கேட்டதற்கு வீட்டில் இருக்கிறது என்றவள், அதைக் கடைசிவரை கொண்டுவரவில்லை.

எங்கள் பக்கம் நோயாளி என்றால் கண்ணை மூடிக் கிடக்கவேண்டும், கூட வந்தவர்தான் வக்கீல். டாக்டரும் கேள்வியைக் கட்டிலைப் பார்த்துக் கேட்பதில்லை, கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறவரைத்தான் கேட்பார். நான் காய்ச்சலில் உதறிக்கொண்டிருந்தேன், மைனி சொன்னது காதில் விழுந்ததா என்றுகூட இன்றைக்கு உறுதியாகச் சொல்ல முடியாது. என் வீட்டுக்காரரும் அங்கேதான் நின்றார். அவர் ஒன்றும் பேசவில்லை.

ட்யூப் போட்டதும் வெளியே மாட்டிய பை நிரம்பி, இன்னொரு பை மாற்றினார்கள். அந்த நிமிடம் எனக்குக் கிடைத்த நிம்மதியை எப்படிச் சொல்வது, இரண்டு பிரசவத்திலும் அப்படி ஒரு நிம்மதி இல்லை. அதுவரை எல்லாம் நல்லபடிதான் நடந்தது. கர்ப்பப்பையைத் தூக்கிக் கட்டினால் சிலருக்கு இப்படிக் கொஞ்ச நாள் அடைப்பது உண்டு, காத்திருந்தால் சரியாகும் என்று டாக்டர் சொன்னார். அவருக்குச் சொன்ன கதைக்கு அது சரியான வைத்தியம்தான். காய்ச்சலுக்கு ஊசி, ஒரு வாரம் ட்யூப், எடுத்துப் பார்ப்பது, போகாவிட்டால் மறுபடி ட்யூப். எடுத்தார்கள், போகவில்லை, போட்டார்கள். மறுபடி எடுத்தார்கள், போகவில்லை, போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஸ்கேன் அறைக்குக் கூட்டிப்போய், போனபிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்ப்பார்கள். ஸ்கேன் பார்க்கிறவர் உதட்டைப் பிதுக்குவார்.

ஏன் நீயே நாடாவைப் பற்றிச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை, அதுதான் உண்மை. இத்தனை ஸ்கேன் எடுக்கிறார்களே, உள்ளே இருப்பது தெரியாமலா போகும், டாக்டருக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சாதாரண வயிற்று ஸ்கேனில் நாடா கண்ணில் படாது என்று எனக்கு யார் சொன்னார்கள்? டாக்டர் வந்தால் புயல்மாதிரி வருவார், நான் எழுந்து உட்காருவதற்குள் மைனி எல்லாப் பதிலையும் சொல்லி முடித்திருப்பாள்.

சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. நரம்புக்கு மாத்திரை கொடுத்தார்கள். ஒருநாள் டாக்டர், "டீச்சர் ரொம்ப பயப்படுறாங்க, பயத்துலயும் போகாம இருக்கும். மனசை ஃப்ரீயா வைக்கச் சொல்லுங்க" என்றார். அதையும் மைனியிடம்தான் சொன்னார். எனக்கு அந்த ட்யூபையே பிடுங்கி எறியலாம்போல் ஆத்திரம் வந்தது. நாற்பது பிள்ளைகளை ஒரு கண் அசைவில் உட்காரவைக்கிறவள் நான், எனக்கா பயம்?

வீட்டுக்குப் போகும்போதும் பை கூடவே வரும். மைனி அந்தப் பைக்குப் பூப்போட்ட துணியில் ஒரு உறை தைத்துக் கொடுத்தாள். பார்க்கிறவர்களுக்குக் கைப்பை என்று தோன்றவேண்டுமாம். அழகாகத்தான் தைத்திருந்தாள், ஓரத்தில் லேஸ் எல்லாம் வைத்து. அதைத் தோளில் மாட்டிக்கொள்ள முடியாது, மாட்டினால் பை மேலே போய் மூத்திரம் திரும்பிவிடும். முழங்காலுக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு ஒரு லேஸ் வைத்த கைப்பையோடு நான் நடந்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது.

பள்ளிக்கூடம் திறக்க நாள் நெருங்கியபோது டாக்டர் கடைசியாக ஒன்று சொன்னார். மூத்திரப் பை பலம் இழந்துவிட்டது, இனி நீங்களே மெல்லிய ட்யூபை உள்ளே விட்டு மூத்திரத்தை எடுத்துவிட்டு, ட்யூபை எடுத்துவிடவேண்டும், ஒரு நாளைக்குப் பல தடவை செய்யவேண்டும், ஷீபா சொல்லித்தருவாள் என்றார்.

"எத்தனை நாளைக்கு சார்?" என்று நானே கேட்டேன்.

"ஆயுசுக்கும் வேண்டியிருக்கலாம்மா. பழகிட்டா சுலபம்."

எத்தனையோ பேர் அப்படிச் செய்து நன்றாக வாழ்கிறார்கள், அது தெரியாமல் இல்லை. ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு டீச்சர் உள்ளே போனால் இன்னொரு டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். தண்ணீர் பாதி நாள் வராது. அங்கே நின்று நான் ட்யூப் போடுவதா? முடியாது. அப்படியென்றால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்காரவேண்டும். ஐந்தாம் வகுப்பு இல்லாத ஒரு ஸ்டெல்லா எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் குளச்சலில் வலையும் கயிறும் விற்கிற கடை வைத்திருக்கிறார். பேச்சு குறைந்த மனிதர். மறுநாள் கடையை அடைத்துவிட்டு வந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னார். "வண்டி பறஞ்சாச்சு மக்கா. நாளைக்கு வெளுக்கும்பம் திருவனந்தபுரம் போறோம். அங்ஙன ஒரு டாக்டரு மூத்திரத்துக்குன்னே படிச்சவராம்."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன்.

திருவனந்தபுரத்தில் காத்திருப்பு அறை நிறைய ஆண்கள். புரோஸ்டேட்காரர்கள். எல்லோர் மடியிலும் தண்ணீர் பாட்டில். என் பூப்போட்ட கைப்பையை எல்லோரும் பார்த்தார்கள், அவர்களில் ஒருவருக்குக்கூட அது என்ன என்று தெரியாமல் இல்லை. எங்கள் முறை வந்ததும் மூன்று பேரும் உள்ளே போனோம். வயதான டாக்டர், மூக்குக் கண்ணாடி மூக்கின் நுனியில் இருந்தது. மைனி வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"கர்ப்பப்பை எறங்கிட்டு சார்..."

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அம்மச்சி கொஞ்சம் புறத்து நிக்கணும். சாரும் நில்லுங்க. டீச்சர் பறயட்டே."

மைனிக்கு அப்படி ஒருவர் சொல்லி வெளியே போய்ப் பழக்கம் இல்லை. என்னைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், போனாள், அவரும் பின்னாலேயே போனார். கதவு மூடியது. ஒரு டாக்டருடன் நான் தனியாக உட்கார்ந்திருப்பது எனக்கே புதிதாக இருந்தது.

"கர்ப்பப்பையில எந்நா செய்தது?" என்றார்.

"கர்ப்பப்பையில ஒண்ணும் செய்யல சார்."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "பின்னே?"

"தும்முனா மூத்திரம் போச்சு. அதுக்காக குழாய்க்கு அடியில ஒரு நாடா வச்சாங்க."

நாங்கள் கொண்டுபோன பக்கத்து ஆஸ்பத்திரிச் சீட்டைப் புரட்டிப் பார்த்தார், பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நாடாவா? இது இதுவரை ஆரும் பறஞ்சில்லல்லோ!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த இளவயது டாக்டருக்கு நாடாவைப் பற்றித் தெரியவே தெரியாது. நான் இத்தனை நாளும் இன்னொருத்தியின் நோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ட்யூபை எடுத்துவிட்டு, ஓட்டை வைத்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்து புனலுக்குள் மூத்திரம் போகச் சொன்னார்கள், மெஷின் அதன் வேகத்தைத் தாளில் கோடாக வரைந்தது. நன்றாகப் போகிறவர்களுக்குக் கோடு குன்றுபோல ஏறி இறங்குமாம். என்னுடையது வயல் வரப்புபோலப் படுத்துக் கிடந்தது. மரத்துப்போக ஜெல்லி வைத்து, மெல்லிய கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார். குழாயை நாடா அடியிலிருந்து மேலே தூக்கி இறுக்கிக்கொண்டிருந்தது. பை பலம் இழக்கவில்லை, அடைப்பை எதிர்த்து முக்கி முக்கி அதன் சுவர்தான் தடித்துவிட்டது, அடைப்பை எடுத்தால் தேறும் என்றார்.

என் வீட்டுக்காரரையும் மைனியையும் உள்ளே கூப்பிட்டு வைத்துக்கொண்டு, மலையாளமும் தமிழும் கலந்து சொன்னதன் சாரம் இதுதான். ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்களில் வந்திருந்தால் நாடாவைக் கொஞ்சம் கீழே இழுத்துத் தளர்த்திவிட்டிருக்கலாம், சின்ன வேலை. இப்போது நாடாவின் கண்ணிகளுக்குள் சதை வளர்ந்து பிடித்துவிட்டது, இனி தளர்த்த முடியாது, வெட்டத்தான் வேண்டும். வெட்டினால் அடைப்பு போகும். ஆனால் பழைய ஒழுக்கு திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம்.

வராந்தாவுக்கு வந்ததும் நான் வெடித்தேன். அங்கே எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"ஊர்க்காரங்களுக்குப் பொய் சொன்னீங்க, சரி. டாக்டருக்குமா மைனி? டாக்டருக்குமா?"

"ஷீபா அங்ஙன தட்ட வச்சிக்கிட்டு நின்னாளேட்டி! அவ வாயில விழுந்தா..."

"விழட்டும்! விழுந்தா என்ன? நான் மூத்திரம் போக முடியாம செத்திருந்தா ஷீபா வந்து தூக்கியிருப்பாளா?"

மைனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் வீட்டுக்காரர் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். "அவளயே சொல்லாத ஸ்டெல்லா. நானும் அங்ஙனதான நின்னேன். எனக்கும் வாய் இருக்குல்லா" என்றார்.

வெட்டுவதா வேண்டாமா என்று அவர்கள் இருவரும் என்னைக் கேட்கவில்லை, கேட்கத் துணிச்சல் இல்லை. நானே உள்ளே போய்ச் சொன்னேன். "வெட்டிருங்க சார். ஒழுகுனா துணி வச்சிக்கிட்டு நான் பள்ளிக்கூடம் போயிருவேன். அடச்சிக் கெடந்தா போக முடியாது."

ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் நான் மைனியோடு பேசவில்லை. அவள் பாட்டுக்கு வேலை செய்தாள். கீழே கேன்டீனுக்குப் போய்க் கெஞ்சிக் கூத்தாடிக் கஞ்சி வாங்கி வருவாள், ஊரிலிருந்து கொண்டுவந்த தேங்காய்த் துவையலைத் தொட்டு ஊட்டுவாள், நான் வாயைத் திறந்து வாங்கிக்கொள்வேன், முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பையை அளந்து கொட்டினாள். என் தலையைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். பைக்குப் போட்டிருந்த உறையை அங்கே நர்ஸ் கழற்றி, "இது எந்தினா? அளவு காணண்டே?" என்று, அளவுக்கோடு தெரியாமல் மறைப்பதற்காகக் கடிந்து மேசையில் போட்டாள். மைனி அதை எடுத்து மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள், திரும்ப மாட்டவில்லை.

வெட்டி எடுத்த துண்டை ஒரு சின்னக் குப்பியில் போட்டு டாக்டர் காட்டினார். நகம் அளவுதான் இருந்தது. என் வீட்டுக்காரர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். வலை விற்கிற மனிதர், கண்ணியை எண்ணுகிறாரோ என்று நினைத்தேன். "நம்ம கடையில இருக்குத சாளவலையவிட பொடிக் கண்ணி" என்றார். குப்பியை இறக்கி, "இவ்வளவு நாளும் இதுக்குள்ளயா கெடந்த" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு குப்பியைத் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு ஒரு காலையில் ட்யூபை எடுத்தார்கள். தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், குடித்தேன். முட்டியது. பாத்ரூமுக்குப் போனேன். சுவரில் கையை ஊன்றவேண்டும், ஒரு பக்கம் சாயவேண்டும் என்று உடம்பு பழக்கத்தில் தயாரானது. நான் நேராக உட்கார்ந்துகொண்டேன். வெளியே மைனியின் செருப்புச் சத்தம் வந்து கதவருகே நின்றது. தட்டவில்லை. போச்சா என்று கேட்கவில்லை. ஜெபமாலை மணி நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம் போனது. முக்காமல், அமுக்காமல், கனமாக, சத்தமாக, நிற்காமல் போனது. நான் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். முடிந்தபிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"மைனி" என்றேன். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சுட்டி" என்றாள் கதவுக்கு அந்தப் பக்கம். "நல்லாவே கேட்டுச்சு."

ஸ்கேனில் பை கிட்டத்தட்டக் காலி. நான் பள்ளிக்கூடம் திறந்து சில வாரங்கள் கழித்துச் சேர்ந்தேன். ஒழுக்கு முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். தொடர்ந்து தும்மினால் கொஞ்சம் கசியும். மூத்திரத்தை அடக்குவதுபோலத் தசையை இறுக்கிப் பிடித்து விடும் ஒரு பயிற்சி சொல்லித்தந்திருக்கிறார்கள், பிள்ளைகள் பரீட்சை எழுதும்போது நான் நாற்காலியில் உட்கார்ந்து அதைத்தான் செய்துகொண்டிருப்பேன். மஞ்சள் சேலை எடுத்துவிட்டேன். என் எரிச்சல் மட்டும் இன்னும் தீரவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும் விஷயம்.

மூத்திரத்தில் கிருமி இருக்கிறதா என்று ஒரு டெஸ்ட் எடுக்க அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கே போகவேண்டி வந்தது. இந்தத் தடவை தனியாகப் போனேன். ஷீபா ஓடி வந்தாள்.

"டீச்சர், கர்ப்பப்பை இப்பம் எப்பிடி இருக்கு?"

என் பொறுமை அன்றைக்கு அங்கேயே தீர்ந்தது. "ஷீபா, என் கர்ப்பப்பைக்கு ஒண்ணுமே இல்ல. தும்முனா மூத்திரம் ஒழுகிச்சி, அதுக்குத்தான் ஆபரேஷன். உனக்குத் தெரியப்பிடாதுன்னுதான் டாக்டருட்ட மாத்திச் சொன்னாங்க. இப்பம் தெரிஞ்சிட்டுல்லா, போய் யாருட்ட வேணும்னாலும் பறஞ்சிக்க" என்றேன். கடற்கரை முழுக்கப் போகட்டும் என்றே உரக்கச் சொன்னேன்.

அவள் முகம் மாறியது. என் கையைப் பிடித்து டிரெஸ்ஸிங் அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"எனக்கும் அப்பிடித்தான் டீச்சர்" என்றாள். "ரெண்டாவது பிள்ளைக்குப் பிறவு. இருமுனா, ஓடுனா... டியூட்டில ரெண்டு தடவ துணி மாத்துதேன். இங்ஙன ஒரு டாக்டருட்டயும் பறஞ்சதில்ல. பறஞ்சா எல்லாரும் சிரிப்பாவல்லா."

யாருக்குப் பயந்து என் நோயையே மாற்றிச் சொன்னோமோ, அவள் எங்களுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள். தட்டைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கு என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோதும் அவளுக்குத் துணி நனைந்துதான் இருந்திருக்கும். சிரிப்பதா அவளை ஓர் அறை அறைவதா என்று எனக்குத் தெரியவில்லை. சிரித்துவிட்டேன். கொஞ்சம் கசிந்தது.

"வீட்டுல கேட்டதுக்கு கர்ப்பப்பை கொஞ்சம் வீக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றாள் ஷீபா. "நீங்க யாருட்டயும் பறஞ்சிராதீங்க டீச்சர்."

"நான் பறயல மக்கா" என்றேன். "ஆனா டாக்டருட்ட நீ வாயத் தொறந்து பறயணும். நானும் கூட வருவேன். கதவுக்கு வெளிய நிப்பேன்."